நாற்பத்தோராவது நாள்

“இந்த நாத்தத்தோடயா மேல போறீங்க?” என்று சலவைக் கடைக்காரம்மா மூக்கைச் சுளித்தாள்.

அவர் குனிந்து தன் சட்டையை முகர்ந்து பார்த்தார். மறுக்க முடியாது, பிராந்தி வாடை அப்பட்டமாக அடித்தது. கையிலிருந்த கசங்கிய சீட்டை மறுபடியும் நீட்டினார்.

“அட்ரஸ் இதுதானேம்மா? அரை மணி நேரமா இந்தத் தெருவையே சுத்திக்கிட்டிருக்கேன்.”

“இதேதான். குடியை விடறவங்க கூடற இடம்னு போர்டா வெப்பாங்க? வர்றவங்களுக்குக் கூச்சமா இருக்கும்ல?” அவள் குரல் கொஞ்சம் இளகியது. “பின்பக்கமா மாடிப்படி. பாதியிலயே திரும்பிப் போறவங்கதான் நெறைய. நீங்க போயிடாதீங்க.”

பாதிப் படியில் அவருக்கும் கால் நின்றுவிட்டது. பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டது போல் இருந்தது.

‘ஒண்ணே ஒண்ணுண்ணே.’

திரும்பிப் பார்த்தார். படிக்கட்டில் ஈ காக்கை இல்லை.

மேலே நீளமான ஓர் அறை. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான கம்பவுண்டர், குடியை விட்டுப் பன்னிரண்டு வருஷமானவர், எழுந்து வந்து சீட்டை வாங்கிப் பார்த்தார்.

“அட, என் எழுத்தாச்சே! ஆஸ்பத்திரியில உங்களுக்கு எழுதிக் குடுத்தது. எப்ப வருவீங்க எப்ப வருவீங்கன்னு ரெண்டு மாசமா பாத்துக்கிட்டிருக்கேன். தாடியை எடுத்துட்டீங்களா? அடையாளமே தெரியல.”

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் கம்பவுண்டர் அவர் தோளை அணைத்துக் கூட்டிப் போய்க் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

“இது உங்களுக்குன்னே வாராவாரம் போட்டு வெக்கற நாற்காலி.”

அவர் முழுசாகச் சாய்ந்து உட்காராமல், நாற்காலியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டார்.

பக்கத்திலிருந்த டாக்ஸி டிரைவர் எல்லோருக்கும் டீ ஊற்ற பிளாஸ்க்கைத் தூக்கினார். கை வெடவெடவென்று நடுங்கி, டீ தரையில் கொட்டியது. புதிதாக வந்தவர் சட்டென்று பிளாஸ்க்கை வாங்கி ஒன்பது டம்ளரிலும் ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஒன்பதிலும் ஒரே மட்டம்.

“அடேயப்பா, கை என்னமா நிக்குது!” என்றார் டிரைவர். “எத்தனை நாளாச்சுண்ணே?”

அண்ணே என்றதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அன்னிலேருந்து... இன்னியோட நாப்பத்தொரு நாள்.”

எல்லோரும் கைதட்டினார்கள். எதிரிலிருந்த தையல்காரம்மா மட்டும் வாடையடித்த அவர் சட்டையைப் பார்த்துவிட்டுக் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“மனசுல இருக்கறதைக் கொட்டிடுங்க,” என்றார் கம்பவுண்டர். “இங்க யாரும் யாரையும் குத்தம் சொல்ல மாட்டோம்.”

“ஒரு குரல் கேக்குதுங்க. ‘ஒண்ணே ஒண்ணுண்ணே, இதான் கடைசி’ன்னு. குளிக்கறப்ப கேக்குது. சோத்துல கை வெச்சா கேக்குது. பொண்ணுகிட்ட பேசிக்கிட்டிருக்கறப்பவே கேக்குது.”

“அது நம்ம எல்லாருக்கும் கேக்கற குரல்தானே!” என்று கம்பவுண்டர் சொல்ல, இரண்டு மூன்று பேர் கசப்பாகச் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. “அன்னிக்கு சாயங்காலம் இந்தச் சீட்டு மேசை மேலதான் இருந்துச்சு. ‘நாளைக்கு இங்க போகணும், இன்னிக்கு மட்டும்’னு பேச்சு. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. அஞ்சாவது தடவையும் சொல்லல.”

“நமக்கு நாமளே எப்படிண்ணே சொல்லிக்க முடியும்?” என்று டிரைவர் அவர் முழங்காலைத் தட்டினார்.

“வெளிய வந்து, ரோட்டைத் தாண்டறப்ப பஸ் அடிச்சிடுச்சு.”

“ஐயோ! உங்களுக்கா?”

“இல்ல. உங்க பெயின்டருக்கு.”

கம்பவுண்டரின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. “எந்தப் பெயின்டருக்கு?”

“நீங்க இந்தச் சீட்டை எழுதிக் குடுத்தீங்களே, அந்தத் தாடிக்காரருக்கு. அங்கயே உசுரு போயிடுச்சு. சீட்டு மேசையிலயே கெடந்தது. கிழிச்சுப் போடவும் முடியல, வெச்சிருக்கவும் முடியல. இங்க வந்து சொன்னாலாவது அந்தக் குரல் அடங்குமான்னு...”

தையல்காரம்மாவின் கண்கள் கலங்கிவிட்டன. கம்பவுண்டர் தன் நாற்காலியை இழுத்து அவருக்கு நெருக்கமாகப் போட்டுக்கொண்டார்.

“கூட உக்காந்து குடிச்சவருக்கு இந்தப் பாரம் இருக்கத்தான் செய்யும். நீங்களும் குடியை விட்டுடுங்க. நாங்க இருக்கோம்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் தொட்டதே இல்லைங்க. பாருல அவருக்கு ஊத்திக் குடுத்தவன்.”