ஏழாம் விளக்கு

"மறுக்காவும் கத்துதுங்க மொதலாளி!"

மோனிஷா பெல்ட்டை நிறுத்தினாள். பல் முளைக்காத பிள்ளைக்குத் தைத்த குட்டிச் சட்டை ஒன்று, ஊசி கண்டுபிடிக்கும் மெசினின் நடுவில் கிடந்தது. மேலே வரிசையாக இருந்த பத்து விளக்குகளில் ஏழாவது மட்டும் சிவந்திருந்தது. அதற்கு நேர் கீழே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை வந்திறங்கிய மெசின். நெற்றியில் வைத்த குங்குமம்கூட இன்னும் உதிரவில்லை. இன்றுதான் முதல் ஓட்டம்.

"நாலு மணிக்கு சரக்கு வாங்கற பையரோட ஆளு வந்துருவாரு," என்றார் முதலாளி பொங்கியண்ணன். "ஒடஞ்ச ஊசி முனை ஒண்ணு இருந்தாலும் ஆர்டர் போச்சு. ஏனுங்க ஜெய்புன்னிசா, அதுக்குள்ள கண்டுபுடிக்கலீன்னா நாளையில இருந்து நீங்க நூல் பிசிறு வெட்டப் போயிருங்க."

பிசிறு வெட்டுவதில் தொடங்கி, செக்கிங் இன்சார்ஜ் ஆவதற்கு ஜெய்புன்னிசாவுக்குப் பதினொரு வருடம் ஆகியிருந்தது.

காய்ச்சல் பார்ப்பதுபோல் சட்டையின் ஒவ்வொரு தையலையும் விரலால் தடவினாள். ஒன்றுமில்லை. மறுபடி ஓட்டினாள். மெசின் மூச்சு விடவில்லை. மூன்றாம் முறை கத்தியது. அதே ஏழாம் விளக்கு.

"இதுக்கு நம்ம மேல என்னமோ கோவமுங்க்கா," என்றாள் மோனிஷா.

"வந்து மூணு நாள்தான் ஆவுது. அதுக்குள்ள கோவிச்சுக்க யாரு சொல்லிக் குடுத்தாங்களாமா?" என்று முதலாளியைப் பார்க்காமலே சொன்னாள் ஜெய்புன்னிசா.

"மெசினு பொய் சொல்லாதுங்க. உங்க மேலதான் எங்கியோ இரும்பு இருக்குது. எல்லாத்தையும் கழட்டுங்க!" என்றார் முதலாளி.

வளையலும் கொலுசும் காலையிலேயே, வாசலில் நகைகளைக் கழற்றிப் போடும் தட்டுக்குப் போயிருந்தன. இப்போது மோனிஷாவின் மூக்குத்தியும் போனது. ஜெய்புன்னிசா முக்காட்டு ஊக்கை எடுத்துப் போட்டுவிட்டு, துணியைக் கழுத்துக்குப் பின்னால் முடிந்துகொண்டாள்.

"ஹேர்பின்னு, கண்ணு?" என்று மோனிஷாவைக் கேட்டார் முதலாளி.

"எடுத்தா கொண்டை அவுந்துருமுங்க."

"அவுரட்டும்."

"கடைவாய்ப் பல்லு ஒண்ணு அடைச்சிருக்குதுங்க. அதையும் புடுங்கோணுங்களா?"

முதலாளி முறைத்தார். தலைவிரிகோலமாக மோனிஷா மெசினை ஓட்டினாள். கத்தியது. ஏழு.

மணி மூன்றே முக்கால்.

"வெறும் பெல்ட்ட ஓட்டிப் பாக்கறனுங்க," என்றாள் ஜெய்புன்னிசா.

"துணியே இல்லாம ஊசி எங்கிருந்துங்க வரும்?"

அவள் பொத்தானை அமுக்கிவிட்டாள். காலி பெல்ட் நகர்ந்தது. பாதிச் சுற்று அமைதி. பிறகு ஒரே கத்தல். ஏழாம் விளக்கு.

பெல்ட்டை நிறுத்தி, அதன் அடிப்பக்கத்தில் கைவிட்டுத் துழாவினாள். டேப் பிய்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்த கையில் மஞ்சள் துணி சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தாள். தட்டையாக ஒரு குதிரை லாட ஆணி.

"இத யாருக்கா ஒட்டுனது?" மோனிஷா வாயைப் பிளந்தாள்.

பொங்கியண்ணன் கழுத்தைச் சொறிந்தார்.

"பூசை அன்னிக்கு... பல்லடத்துக் கம்பெனிக்காரங்க எல்லாம் வந்து பாத்துட்டுப் போனாங்க. புது மெசினு, கண்ணு பட்டுருமேன்னு... நாந்தானுங்க."

ஜெய்புன்னிசா ஆணியை அவரிடம் கொடுத்துவிட்டு, வளையலும் மூக்குத்தியும் கிடந்த தட்டை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இதுலயே போட்டுருங்க மொதலாளி. சாயங்காலம் எல்லாருக்கும் குடுக்கறப்ப உங்களுதையும் திருப்பிக் குடுத்தர்றனுங்க."