புல் ஆடுகிற ரீல்

பட்டாளத்துச் சண்டைப் படம் என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிவிட்டு, அரூர் டூரிங் டாக்கீஸ் முதலாளி காசிம் மூன்று நாளாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

"துப்பாக்கி எங்கீங்க பாய்? கால் மணி நேரமா புல்லுதான் ஆடுது!" என்று இரண்டாம் நாள் எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியவர் ரைஸ் மில் மாது.

"படத்த நானா எடுத்தேன்?" என்று தலையில் அடித்துக்கொண்ட காசிம், நாலாம் நாள் அந்த ரீலையே போட வேண்டாம் என்று ஆபரேட்டர் கவுஸிடம் சொல்லிவிட்டார்.

அன்று முதல் ஆட்டம் முடிந்ததும் மாது மறுபடி வந்து நின்றார். கூடவே மனைவி ராஜாமணி.

"அந்தப் புல்லு எங்கீங்க பாய்?"

"யோவ், நீதானய்யா வேணாம்னு கத்துன! உன்னோட பெரிய ரோதனையாப் போச்சு!"

மாது குரலைத் தாழ்த்தினார். "கத்திட்டு வூட்டுக்குப் போனா தூக்கமே வரலீங்க. எழுபத்தொண்ணு பாகிஸ்தான் சண்டையில நானும் பட்டாளத்துல இருந்தேன். அங்க என்ன பண்ணுனீங்கன்னு இவ பதினஞ்சு வருசமா கேக்கறா, எனக்குச் சொல்ல வரல. இப்படித்தான் புல்லையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்னு காட்டலாம்னு கூட்டியாந்தேன்."

காசிம் உள்ளே திரும்பிக் கத்தினார்.

"கவுஸ்! ரெண்டாவது ஆட்டத்துல அந்த ரீலையும் ஓட்டு. எவன் கத்துனாலும் நிறுத்தாத!"