ஆதிமூலத்தின் ரெட்டினா கணக்கு

“பாய், இந்த லைட்டை இப்பவே கழட்டணும்!”

செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தே திரும்பிப் பார்த்தது. நூருல்லாவின் வாடகை சைக்கிள் கடை மேல் புதுசாக ஒரு எல்இடி விளக்கு. அது கடைக்கு வெளிச்சம் காட்டாமல், எதிரே ஆதிமூலம் வீட்டு வாசலில் அடித்தது. விடுவாரா மனுஷன்?

ஆதிமூலம் லேசுப்பட்ட ஆளா? யூடியூபில் ஏகப்பட்ட வீடியோ பார்த்தவர். கண் டாக்டருக்கே பாடம் எடுத்துவிட்டு வந்தவர்.

“ரெட்டினான்னா என்னான்னு தெரியுமா பாய்?”

“தெரியாதுங்க சார்.”

“கண்ணுக்குள்ள பின்னாடி இருக்குற திரை. உன் வெளிச்சம் மொத்தமும் அதுமேலதான் போய் விழுது. போன் ஆப்புல அளந்துட்டேன், பாரு!”

நேற்று நூருல்லா தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, கடை ஸ்டூலிலேயே ஏறி, போனை விளக்கோடு ஒட்டவைத்து எடுத்த அளவு அது.

“நீ என்னா, பல்புக்குள்ளயா குடித்தனம் பண்றே?” என்றான் ஆட்டோக்கார இருசப்பன்.

“உனக்கென்னய்யா தெரியும்? பாய், அடுத்தவன் கண்ணை அவிக்கணும்னே இப்படித் திருப்பி வெச்சிருக்கே. என் கண்ணு போனா நீ குடுப்பியா?”

நூருல்லா எதிர்வீட்டுக் கதவை ஒரு தடவை பார்த்தார். பிறகு சுவிட்சை அணைத்தார்.

ஜெயித்த ஆதிமூலம் மீசையைத் தடவிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். வாசலில் சாக்கடைக் கால்வாய். அதைத் தாண்ட ஒரு பலகைக்கல். அந்தக் கல்லை விட்டுவிட்டு வெறும் இருட்டில் காலை வைத்தார்.

பின்னாலேயே வந்த நூருல்லா இடுப்பைப் பிடித்து நிறுத்தியிருக்காவிட்டால், அண்ணன் இந்நேரம் சாக்கடையில்.

சத்தம் கேட்டு ஆதிமூலத்தின் மனைவி ராணியம்மாள் ஓடி வந்தாள்.

“ஏன் பாய் லைட்டை அணைச்சீங்க?”

“சார் கண்ணுக்குள்ள வெளிச்சம் ஜாஸ்தியா போகுதாம்மா.”

“ஜாஸ்தியா? ரெண்டு கண்ணுலயும் புரை! அதான் கூசுது, உள்ள போறதே கம்மினு டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டார். இவருக்கு ஆபரேஷன் வேணாமாம், கைத்தடி பிடிச்சா கௌரவம் போயிடுமாம். இவர் விழுந்து தொலையக் கூடாதுன்னுதானே, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கெஞ்சி உங்களைப் போடச் சொன்னேன்!”

இருட்டில் ஆதிமூலத்தின் முகம் யாருக்கும் தெரியவில்லை.

அதற்காகவே நூருல்லா இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சுவிட்சைப் போட்டார்.