முருங்கைப் பீரங்கிகள்

அவை ஏழா எட்டா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. கடற்கோட்டைக்கு ஒரு பீரங்கி வாங்கத்தான் பணம் வந்தது. மீதியிடங்களில், புயலில் சாய்ந்த முருங்கை மரங்களை வெட்டித் தார் பூசி, கடலைப் பார்த்துப் பீரங்கிபோலச் சாய்வாக நட்டுவைக்கச் சொன்னார் கோட்டைத் தலைவர் கப்பித்தான் துரை.

"முருங்கை வேணாம் தொரை. வெட்டிப் போட்டாலும் அது சும்மா கெடக்காது" என்றான் தச்சன் சவரிமுத்து.

"வேதாளமா? நிக்கட்டும். அதுக்குச் சம்பளம் தர வேண்டாமே" என்று துரை சிரித்தார்.

மழை பெய்ததும் பீரங்கிகள் துளிர்த்தன. தொலைவில் எதிரிக் கப்பல் ஒன்று நங்கூரமிட்டிருந்தது. பச்சை தெரிந்தால் இறங்கிவிடுவார்கள். கோட்டையில் நாங்கள் மூவர்தான். தினமும் விடியுமுன் தவழ்ந்து போய்த் துளிர்களைக் கிள்ளிவந்தேன். சவரிமுத்து அதைச் சமைத்தான்.

"பீரங்கிக் கீரை அண்ணே, இன்னும் கொஞ்சம் போட்டுக்க."

பிறகு மூவருமே காய்ச்சலில் விழுந்தோம். நான் எழுந்து வெளியே வந்தபோது பீரங்கிகளின் வாயெல்லாம் இலைகள் அசைந்துகொண்டிருந்தன. கப்பல் கரைக்கு மிக அருகில் நின்றது. அதன் மேல்தளத்தில் ஒருவன் தூரக்கண்ணாடியை இறக்கிவிட்டு வெகுநேரம் என்னைப் பார்த்தான். பின் தொப்பியைக் கழற்றினான். நானும் கையை உயர்த்தினேன்.

மாலையில் கப்பல் போய்விட்டது.

சவரிமுத்து அந்தக் காய்ச்சலிலேயே இறந்தான். துரையைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்; வாசலில் நின்ற என்னைக் காணாதவர்போலக் கடந்து போனார். அவர் இடத்துக்கு யாரையும் அனுப்பவில்லை. பீரங்கிகள் காய்க்கின்றன. நான் இங்கேதான் இருக்கிறேன். அந்த மனிதனுக்குப் பின் என்னை யாரும் பார்க்கவில்லை.