ஆட்டுத்தோல் வம்சம்

பெல்ராக் பிரபுவின் மகள் அஸலாயிஸுக்கு வயது பதினாறு. அவளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை ஓட்டோனுக்கு அறுபத்திரண்டு. மூன்று மனைவிகளைப் புதைத்தவர். ஆற்றுப் பாலம் அவருடையது. அப்பாவுக்கு அந்தப் பாலம் வேண்டும். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

"அந்தக் கிழத்துக்கு ரொட்டியை ஊறவச்சு ஊட்டறதுக்கா நான் பொறந்தேன்?" என்றாள்.

அம்மா மாபிலியா கல்யாண உடுப்பில் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்டீ. நான் தலையாட்டலையா?"

"நீ தலையாட்டறதுக்குன்னே பொறந்தவம்மா."

இவளிடம் உதவி கேட்பதற்கு இவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிடம் கேட்கலாம் என்று தோன்றியது அஸலாயிஸுக்கு.

வேறு வழி இருந்தது. நான்கு தலைமுறைக்குள் ரத்த உறவு என்றால் திருச்சபை அந்தத் திருமணத்தை ஒப்புக்கொள்ளாது. ஏற்கெனவே நடந்து முடிந்த திருமணமானாலும் செல்லாது. ஆக, தேவை இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கொள்ளுப்பாட்டி. இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மடத்தில் ஏடு எழுதும் துறவி பெய்ரேயிடம் தன் வெள்ளி இடைவாரைக் கழற்றிக் கொடுத்தாள்.

"எர்மென்கார்டான்னு ஒருத்தி. அவளுக்கு ரெண்டு பொண்ணு. ஒருத்தி எங்கப்பாவோட பாட்டி, இன்னொருத்தி கிழவனோட பாட்டி. புரிஞ்சுதா சாமி?"

"பெரிய பாவம் அம்மணி இது," என்றபடி இடைவாரை அங்கிக்குள் செருகிக்கொண்டார் பெய்ரே.

வேலை தெரிந்த மனிதர். பழைய ஆட்டுத்தோல் ஒன்றில் இருந்த எழுத்தை நுரைக்கல்லால் தேய்த்து எடுத்தார். புது மை கறுப்பாக நின்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தண்ணீர் கலந்து பழுப்பாக்கி எழுதினார். அடுப்புப் புகையில் இரண்டு நாள் தொங்கவிட்டார். பிறகு நான்காக மடித்து, மடிப்பில் மட்டும் எழுத்து உதிரும்படி கசக்கினார். நூறு வருடம் ஒரே வாரத்தில் ஓடிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை கோட்டை மண்டபத்தில், "இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் உண்டா?" என்று வழக்கப்படி கேட்டார் பிஷப். பெய்ரே முன்னால் வந்து தோலை நீட்டினார். பிஷப் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"ரொம்பப் பழசு," என்றார். "மாப்பிள்ளைக்கும் பொண்ணோட அப்பாவுக்கும் ஒரே கொள்ளுப்பாட்டி. இந்தக் கல்யாணம் நடக்காது."

"என்ன சொல்றார்?" என்று காதருகே கையைக் குவித்தார் ஓட்டோன்.

அப்பாவின் முகம் சிவந்தது. அஸலாயிஸ் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். இத்தனை தாடிகளையும் ஒரு செத்த ஆடு ஏமாற்றிவிட்டது.

பிஷப் இன்னும் படித்துக்கொண்டிருந்தார். "இந்த எர்மென்கார்டாவுக்கு மொத்தம் மூணு பொண்ணுங்க."

மூன்றா? அஸலாயிஸ் துறவியைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"மூணாவது பொண்ணோட பேத்தி பேரு..." பிஷப் தயங்கினார். "மாபிலியா."

மண்டபத்து மூலையில் கல்யாண உடுப்பைத் தைத்துக்கொண்டிருந்த அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"அடக் கடவுளே," என்றாள் நிதானமாக. "அப்போ இருபது வருஷமா அண்ணன் முறை ஆகறவர்கூடவா நான் குடும்பம் நடத்தியிருக்கேன், ஆண்டகையே? இனிமே ஒரு நிமிஷம்கூட இந்தப் பாவத்துல இருக்க மாட்டேன்."

வாசலில் அவளுடைய ஏழு பெட்டிகளும் விடியற்காலையிலேயே கோவேறு கழுதைகள்மேல் ஏற்றிக் கட்டப்பட்டிருந்தன.