சத்தம் போடுற கீபோர்டு

“இது பத்தாதுங்க. இன்னும் சத்தமா ஒண்ணு காட்டுங்க” என்றாள் மனைவி.

கடைக்காரர் கையிலிருந்த கீபோர்டை மேஜைமேல் வைத்துவிட்டு, இந்தம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தமோ என்பதுபோலப் பார்த்தார். அவள் வயலின் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் என்று தெரிந்திருந்தால் இன்னும் குழம்பிப்போயிருப்பார்.

கீபோர்டு வாங்க வந்தது என்னவோ கணவன்தான். வீட்டில் உட்கார்ந்தபடி புத்தகங்களை மொழிபெயர்ப்பது அவன் பிழைப்பு. பழைய கீபோர்டில் பாதி எழுத்துகள் அழுத்தினால் எழும்ப மறுத்தன. அகராதிகள் அடைத்துக்கொண்ட மேஜையில் நீளமாக ஒன்றை வைக்க இடமும் இல்லை. சின்னதாக, மெக்கானிக்கல் வகையில் ஒன்று வாங்கினால் விரலுக்குச் சுகம் என்று யாரோ சொல்லக் கேட்டதோடு சரி. மற்றபடி அதைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். வலது ஓரத்து எண்கள் இல்லாமலே வருகிறது, மேஜையில் பாதி இடம் மிச்சம். அம்புக்குறிகளும் இல்லாமல் அதைவிடக் குட்டியாகக்கூட உண்டு, ஆனால் புதிதாக வாங்குகிறவர்கள் திண்டாடிப்போவார்கள், அது வேண்டாம். ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலும் தனி ஸ்விட்ச். சிவப்பு என்றால் வழுக்கிக்கொண்டு இறங்கும், சத்தம் கம்மி. நீலம் என்றால் தொட்டதெல்லாம் டக் டக் என்று வீடு முழுக்கக் கேட்கும், வார்த்தைக்கு வார்த்தை இடம் விடத் தட்டுகிற நீளமான ஸ்பேஸ் பார் மட்டும் கனமாகத் தனியாகத் தெரியும்.

அவன் சட்டென்று சிவப்பில் கை வைத்தான். “இது போதும். நீ ஹால்ல கிளாஸ் எடுக்கிற. உனக்குத் தொந்தரவா இருக்கக் கூடாது.”

பேச்சு நல்ல கணவன் பேச்சுதான். விஷயம் வேறு. மதியம் சாப்பிட்டு முடித்ததும், முக்கியமான அத்தியாயம் என்று சொல்லி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரோரக் கட்டிலில் கட்டையைச் சாய்ப்பது அவன் வழக்கம். சத்தமே இல்லாத கீபோர்டு யாரையும் காட்டிக்கொடுக்காது. அவன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த தலையணை கனச் சட்டப் புத்தகம் முடியும்வரை சமையல், கடைகண்ணி, துணிமணி எல்லாம் தன் பொறுப்பு என்று மனைவி ஏற்றுக்கொண்டிருந்தாள். அவனும் அதை முடிக்க அவசரப்படவில்லை.

“நீங்க உழைக்கிற சத்தம் எனக்கென்னங்க தொந்தரவு? கேட்டா தெம்பாத்தான் இருக்கும்” என்றவள், நீலத்தையே கட்டித் தரச் சொன்னாள்.

அன்றோடு மதியத் தூக்கம் போயிற்று. சத்தம் கொஞ்சம் நின்றால் போதும், உடம்புக்கு முடியலையா என்று கதவுக்கு வெளியே அக்கறையாக ஒரு குரல் வரும். கொட்டாவியை விழுங்கிக்கொண்டு பக்கம் பக்கமாக மொழிபெயர்த்தான். புத்தகம் கரைகிற வேகத்தைப் பார்த்து, வீட்டு வேலை நெருங்குகிறதே என்று மிச்சப் பக்கங்களை எண்ணிப்பார்த்தான்.

பிறகுதான் மூளை வேலை செய்தது. மனைவி வெளியே போயிருந்த சமயம், கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக் கீபோர்டின் சத்தத்தைப் பதிவு செய்தான். நிஜமாகவே மொழிபெயர்த்தபடி பதிவு செய்திருக்கலாம். அதற்கு வேலை செய்ய வேண்டுமே. விரல்களை எழுத்துகளின்மேல் கண்டபடி ஓடவிட்டான். நடுநடுவே, சரியான சொல்லுக்கு யோசிப்பவன்போல நிறுத்தி நிறுத்தி அடித்தான். போட்டுக் கேட்டபோது அவனுக்கே தன்மேல் மரியாதை வந்தது.

மறுநாள் சாப்பாடு ஆனதும் கதவைச் சாத்தினான். திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்த கைப்பேசி உழைக்க ஆரம்பித்தது. அவன் போர்வைக்குள் சுருண்டான். ஹாலிலிருந்து ஒரு விசாரிப்பும் வரவில்லை.

வெயில் தாழ்ந்தபின் எழுந்து, தலையைச் சரிசெய்துகொண்டு, விரல்களை நெட்டி முறித்தபடி வெளியே வந்தான். மனைவி சுடச்சுடக் காபியை நீட்டினாள். இன்றைக்கு விடாமல் சத்தம் கேட்டதே, பாவம், கை வலிக்குமே என்று பரிதாபப்பட்டாள்.

“ஒரே மூச்சுல ஓடிடுச்சு” என்றான் அவன் அடக்கமாக.

“கேட்டுட்டேதான் இருந்தேன். ஸ்பேஸ் பாரை ஒரு தடவைகூடத் தட்டாம எழுதுனீங்களே, அவ்ளோ நீளமா அது என்னங்க வார்த்தை?”