பச்சை இல்லாத வட்டம்

கறுப்புத் திரை போட்ட நுண்ணோக்கி அறைக்குள் பகல் நுழைவதில்லை. கதவிடுக்கில் மட்டும் ஒரு கோடு வெயில் தரையில் கிடக்கிறது. ஆய்வாளரான அக்கா முதல் கண்ணாடித் தட்டை வைத்துக் குமிழைத் திருகுகிறாள். லாரி ஓட்டும் அவள் தம்பி தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிகிறான். கல்லீரல் செல்களுக்குள் நீலப் புள்ளிகள். அவற்றைச் சுற்றிப் பச்சை கொழுந்துவிட்டு எரிகிறது. "நீலம் செல்லோட கரு. பச்சையா இருக்கிறதெல்லாம் வைரஸ் புகுந்த செல்லு," என்கிறாள். சிறுவயதிலிருந்து தன் கல்லீரலில் குடியிருப்பதை அவன் முதன்முதலாகப் பார்க்கிறான். "எப்படிக்கா உள்ள வருது?" "பித்த உப்பு உள்ள போறதுக்குன்னு செல்லு மேல ஒரு வாசல் இருக்கு. அதுல தொத்திக்கிட்டு நுழைஞ்சிடும். நாங்க இங்க செஞ்ச மருந்து முந்திப்போய் அந்த வாசலை அடைச்சிக்கிட்டு உக்காந்துடும்." கருவியின் சின்ன விசிறி உறுமிக்கொண்டிருக்கிறது. மருந்திட்ட தட்டை மாற்றி வைக்கிறாள். "பச்சையே காணோமே!" "காணோம்தான்." "அப்போ எனக்குள்ள ஏற்கெனவே புகுந்தது?" "அந்த செல்லெல்லாம் மெல்ல மெல்ல செத்துப்போகும். புதுசா ஒண்ணையும் பிடிக்க விடமாட்டோம். மனுஷங்களுக்குக் கொடுத்துப் பார்க்கிற வேலை இனிமேதான். ஆனா நடக்கும்டா." அவன் மறுபடி குனிகிறான். இருட்டு வட்டத்தில் நீலப் புள்ளிகள் மட்டும் அமைதியாக இருக்கின்றன. "வாடா, பசிக்குது," என்று அவன் தோளைத் தட்டுகிறாள். "இருக்கா," என்கிறான் அவன், கண்ணை எடுக்காமலேயே. "ஒண்ணுமில்லாததை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கிறேன்."